புகையைப் பருகும் மூன்று திரவங்கள்



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் புகை. புகைபோக்கியின் உச்சியிலிருந்து வெளியேறி, ஆகாயத்தில் கலந்து, ஒருவருக்கும் உடைமையாகாமல் போய்விடுகிற அந்த வஸ்துவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. ஆனால், சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் ஏற்றி, கூடையில் சுமந்து, உலையின் கம்பித்தட்டில் பரப்பி நாம் எரிக்கிற நிலக்கரியின் உஷ்ணத்தில் எத்தனை பங்கு நமக்குப் பயன்படுகிறது, எத்தனை பங்கு வீணாகிறது என்ற கணக்கில் பெரும்பகுதி அந்தப் புகையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் படிப்பது எப்படி? அதற்கு உதவுகிற மூன்று ரசாயனத் திரவங்களின் குணமென்ன, குற்றமென்ன? இதுவே இன்றைய பேச்சு.

கண்ணால் படித்துவிட முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. கரும்புகையைக் கண்டால் முதலாளிக்குக் கோபம் வருகிறது. உலையில் கரியிடும் பயர்மேனுக்கு வசவு கிடைக்கிறது. ஆனால் கரும்புகையில் கண்ணுக்குத் தெரிகிற கரித்தூள் நமது நஷ்டத்தில் சிறு பகுதியே. பெரிய நஷ்டங்கள் இரண்டும் நிறமற்றவை, மணமற்றவை. தேவைக்கு மேல் புகுந்த காற்று உலையின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் புகைபோக்கி வழியே போய்விடுகிறதே, அது ஒன்று. காற்றுப் போதாமையால் அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்ஸைடாக வெளியேறுகிற கரி மற்றொன்று. ஒரு கிலோ கார்பன் முழுமையாக எரிந்து கரியமில வாயுவானால் ஏறத்தாழ 8,080 கிலோகலோரி உஷ்ணம் கிடைக்கும். அதே கார்பன் மோனாக்ஸைடோடு நின்றுவிட்டால் கிடைப்பது சுமார் 2,430 மட்டுமே. மீதம் 5,650 எங்கே? புகையோடு புகையாகப் போயிற்று. அதைப் பார்த்தவர் யார்? ஒருவருமில்லை.

ஆகவே காற்று மிகுந்தாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம்; இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்று சொல்ல வேண்டியது புகையின் ரசாயனப் பகுப்பு. இந்த எண்ணம் புதிதன்று. 1750களில் ஸ்காட்லாந்து நாட்டு ஜோசப் பிளாக், சுண்ணாம்பும் காரங்களும் ஒருவகைக் காற்றைப் பிடித்துத் தம்மோடு வைத்துக்கொள்கின்றன என்று காட்டினார்; அந்தக் காற்றுதான் நம்முடைய கரியமில வாயு. வாயுவைத் திரவத்தால் பிடிக்கலாம் என்ற விஷயம் அன்றே விதைக்கப்பட்டுவிட்டது. அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் ராபர்ட் புன்சன். 1838 முதல் தம் நாட்டு ஊதுலைகளின் வாயுக்களை அவர் ஆராய்ந்தார். பிறகு இங்கிலாந்து சென்று, லயன் பிளேபேர் என்பவருடன் சேர்ந்து, ஆல்பிரட்டன் என்ற ஊரின் இரும்பு உலையைச் சோதித்து, 1845 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். அந்த அறிக்கை சொன்னது என்ன? உலையில் இடும் எரிபொருளின் உஷ்ணத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் எரியக்கூடிய வாயுவாக வாய்வழியே வீணாகப் போகிறது என்பதுதான். இரும்பு உருக்குவதில் உலகத்துக்கே வழிகாட்டிய தேசத்தில், உலையருகே பரம்பரை பரம்பரையாக நின்றவர்களுக்குத் தெரியாத இந்தச் செய்தி, ஒரு கண்ணாடிக் குழாயில் அடைபட்ட சில கன சென்டிமீட்டர் வாயுவுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் புன்சனின் முறை பண்டிதர்களின் முறை. பாதரசமும், பொறுமையும், அமைதியான ஆய்வுக்கூடமும் வேண்டும். சாம்பலும் அனலும் சூழ்ந்த கொதிகலன் அறையில் அவையெல்லாம் கிடைக்குமா? 1870களில் பாரிஸ் நகரத்து ஆர்சாட் என்பவர் இந்தக் குறையைத் தீர்த்தார். கையில் தூக்கிச் செல்லத்தக்க ஒரு மரப்பெட்டிக்குள், நூறு கன சென்டிமீட்டர் கொள்ளும் ஓர் அளவுக் குழாயையும், அதைச் சூழ்ந்து ஒரு நீர் உறையையும், ரப்பர் குழாயால் இணைத்த ஒரு சமநிலைப் புட்டியையும், உறிஞ்சும் திரவங்கள் நிறைந்த பிப்பெட்டுகளையும் அவர் அமைத்தார். புட்டியைத் தாழ்த்தினால் புகை உள்ளே வரும். உயர்த்தினால் பிப்பெட்டுக்குள் போகும். மறுபடி தாழ்த்தினால் திரும்பி வரும். திரும்பி வந்ததில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அவ்வளவும் திரவம் உறிஞ்சிய வாயு. இவ்வளவுதான் தத்துவம். நூறு பங்கு எடுத்துக்கொள்வதால், குறைந்த அளவே சதவீதம். கணக்குப் போடவும் வேண்டியதில்லை.

மேசைமேல் அந்தக் கருவியே இருக்கிறது. அதன் கண்ணாடியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உடைந்தால் வேறு வாங்கலாம். ஒழுகினால் கிரீஸ் தடவலாம். கண்ணாடியின் குறை கண்ணுக்குத் தெரியும். திரவத்தின் குறை தெரியாது. அது களைத்துப்போன பிறகும் குழாயில் பளபளவென்று நிற்கும். எண் ஒன்றைத் தயங்காமல் கொடுக்கும். அந்த எண் பொய்யாக இருக்கும். ஆகையால் திரவங்களிடம் வருவோம்.

முதல் திரவம் காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு. ஒரு பங்கு பொட்டாஷை இரண்டு பங்கு நீரில் கரைத்தால் போதும். கரியமில வாயுவைக் கண்டவுடன் இது பற்றிக்கொண்டு கார்பனேட்டாக்கிவிடும். விலை மலிவான காஸ்டிக் சோடாவை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று சிக்கனம் கருதுபவர்கள் கேட்பதுண்டு. சோடாவும் உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் அதிலிருந்து விளையும் சோடியம் உப்புகள் எளிதில் கரையாமல் படிகமாகி, நூல்போன்ற குழாய்களில் அடைத்துக்கொள்ளும். பொட்டாஷில் அந்தத் தொல்லை இல்லை. இத்திரவத்தின் வலிமையும் அபாரம். ஒரு கன சென்டிமீட்டர் கரைசல் சுமார் நாற்பது கன சென்டிமீட்டர் கரியமில வாயுவை விழுங்கும். பிப்பெட்டில் நூறு கன சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், முந்நூறு சோதனைகளுக்கும் அது அசையாது. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் வாயுவையும் சேர்த்தே இது எடுத்துக்கொள்ளும். அது அற்பமாதலால் நாம் பொருட்படுத்துவதில்லை.

இரண்டாம் திரவத்தின் கதை நீளமானது; அதைச் சுருக்க எனக்கு மனமில்லை. பிராணவாயுவைப் பிடிப்பது இதன் வேலை; பெயர் பைரோகாலால். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் கேட்டு வாங்கியிருப்பீர்கள். குழந்தைக்கு வாய்ப்புண் என்றால் உரைத்துத் தடவச் சொல்வார்கள். அது உண்மையில் காயே அன்று. ஒருவகைப் பூச்சி முட்டையிடுவதால் ஓக் மரத்தில் உண்டாகும் கழலை. அதன் துவர்ப்புக்குக் காரணமான டானினைப் பிரித்தால் காலிக் அமிலம் கிடைக்கும். நம் கடுக்காயிலும் அந்த அமிலம் உண்டு. காலிக் அமிலத்தைக் காய்ச்சினால், அது தன்னிடமுள்ள கரியமில வாயுவை விட்டுவிட்டுப் பைரோகாலாலாக மாறும். ஸ்வீடன் தேசத்து ஷீலே 1786 ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டார். கரியமில வாயுவை இழந்து பிறந்த இந்தப் பொருள், காரத்தோடு சேர்ந்தவுடன் பிராணவாயுவுக்காக ஏங்கத் தொடங்குகிறது. உறிஞ்ச உறிஞ்சக் கருத்துக் கபில நிறமாகிறது. பழைய காலத்துப் புகைப்படக்காரர்களின் விரல்களைக் கறையாக்கிய பொருளும் இதுவே. இந்த ஏக்கத்தை அளவைக்குப் பயன்படுத்தலாம் என்று 1851 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் லீபிக். ரசாயனத்தை வேளாண்மைக்குத் துணையாக்கினாரே, அந்த மகானேதான். பின்னாளில் இங்கிலாந்தில் ஹால்டேன் என்ற உடலியங்கியல் அறிஞர், பொட்டாஷையும் பைரோகாலாலையும் இணைத்த ஒரு சிறு கருவியால், சுரங்கக் காற்றையும் மனிதன் விடுகிற மூச்சையும் அளந்தார். உலைக்கும் நுரையீரலுக்கும் ஒரே திரவங்கள்! எரிவதும் மூச்சுவிடுவதும் ரசாயனத்தின் பார்வையில் ஒன்றே என்று பிரெஞ்சு ரசாயனி லாவாஸியர் சொன்னதை இந்தத் திரவங்கள் அறிந்திருக்கின்றன போலும்.

ஆனால் பைரோகாலாலுக்கு ஆயுள் சொற்பம். ஒரு கன சென்டிமீட்டர் கரைசல் இரண்டு கன சென்டிமீட்டர் அளவுக்கே பிராணவாயுவை நம்பகமாக உறிஞ்சும். நூறு கன சென்டிமீட்டர் திரவம், ஆறு சதவீதம் பிராணவாயுவுள்ள புகைக்கு, முப்பது சோதனைகளைச் சற்றுத் தாண்டியதுமே களைத்துவிடும். அதோடு இது நிதானமாக வேலை செய்வது. குளிர்ந்தால் இன்னும் நிதானம். ஒரு முறை அனுப்பி அளந்துவிட்டுப் போகக் கூடாது. மறுபடி அனுப்பி அளந்து, இரண்டு அளவும் ஒன்றாகும்வரை நிற்க வேண்டும். இன்னொரு தீங்கும் உண்டு. காரம் வலுக்குறைந்த பைரோகாலால், பிராணவாயுவை உறிஞ்சும்போதே சிறிது கார்பன் மோனாக்ஸைடைத் தானே உண்டாக்கி வெளியே விடும் என்று 1860களில் பிரெஞ்சு ரசாயனிகள் கண்டுபிடித்தார்கள். அடுத்த பிப்பெட்டில் எதைத் தேடப்போகிறோமோ, அதை இது தன் கையாலேயே கலந்துவிடுகிறது! பரிகாரம் பொட்டாஷைத் தாராளமாகச் சேர்ப்பது. ஐந்து கிராம் பைரோகாலாலுக்கு நூற்றிருபது கிராம் பொட்டாஷ் என்று டிரெஸ்டன் நகரத்து ஹெம்பல் விதித்த அளவு, பார்ப்பதற்கு ஊதாரித்தனம்போல் தோன்றினும், காரணமின்றி விதித்ததன்று.

மூன்றாம் திரவம் கியூப்ரஸ் குளோரைடு. தாமிரத்தின் ஓர் உப்பை அம்மோனியாவிலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ கரைத்தது. கார்பன் மோனாக்ஸைடைப் பிடிப்பது இதன் பணி. பிடிப்பது என்றா சொன்னேன்? கடனாக வாங்கிக்கொள்வது என்று சொல்வதே பொருத்தம். பொட்டாஷ் பிடித்த கரியமில வாயுவை விடுவதில்லை; பைரோகாலால் பிடித்த பிராணவாயுவும் திரும்புவதில்லை. கியூப்ரஸ் குளோரைடோ தளர்ந்த பிணைப்பால் மோனாக்ஸைடை வைத்திருக்கும். பலமுறை பயன்பட்ட கரைசலிடம் மோனாக்ஸைடே இல்லாத நல்ல புகையை அனுப்பினால், வாங்குவதற்குப் பதிலாகக் கொடுத்துவிடும். அளவுக் குழாயில் வாயு குறைவதற்குப் பதிலாகக் கூடும். அதனால்தான் அனுபவசாலிகள் இதற்கு இரண்டு பிப்பெட்டுகள் வைப்பார்கள். பழைய கரைசலில் முதலில் கழுவி, மிச்சத்தைப் புதிய கரைசலில் முடிப்பார்கள். பிப்பெட்டுக்குள் தாமிரக் கம்பிச் சுருள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அன்று. பிராணவாயு பட்டு அம்மோனியாக் கரைசல் நீலமானால் அதன் சக்தி போயிற்று என்று பொருள். நீலமாகாமல் காப்பது அந்தக் கம்பி. அம்மோனியாவில் கரைத்த திரவமானால், அதன் ஆவியும் வாயுவோடு கலந்து அளவைக் கூட்டிக் காட்டும். நீர்த்த அமிலத்தில் கழுவிய பிறகே படிக்க வேண்டும். தொல்லை பிடித்த திரவம்தான். ஆனால் இதன் வேலையைச் செய்ய, இந்தப் பெட்டிக்குள் அடங்கும்படி, அன்று வேறொன்று கிடைக்கவில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. இந்தத் திரவங்களை ஏன் இந்த வரிசையில் வைக்க வேண்டும்? முன்பின்னாக மாற்றினால் என்ன? கல்யாணப் பந்தியில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக அமர்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலாமவர் ஒரே பண்டத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். இரண்டாமவர் அதையும் உண்பார், இன்னொன்றையும் உண்பார். மூன்றாமவர் எதையும் விடமாட்டார். யார் எதை எவ்வளவு உண்டார் என்று இலையைப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டுமானால், ஆசை குறைந்தவரைத்தானே முதலில் அமர்த்த வேண்டும்? பொட்டாஷ் கரியமில வாயுவோடு திருப்தி அடையும். பைரோகாலால் பொட்டாஷில் கரைந்திருப்பதால் கரியமில வாயுவையும் உறிஞ்சும், பிராணவாயுவையும் உறிஞ்சும். அம்மோனியாவில் கரைந்த கியூப்ரஸ் குளோரைடு, அம்மோனியாவின் காரத்தால் கரியமில வாயுவையும், தாமிரத்தின் இயல்பால் பிராணவாயுவையும், அதன்பின் மோனாக்ஸைடையும் எடுக்கும். தனித்து நின்றால் எதை எடுத்தோமென்று தெளிவாகச் சொல்லத்தக்கது இம்மூன்றில் ஒன்றே. மற்ற இரண்டின் சாட்சியம் செல்லுவதெல்லாம், அவற்றுக்கு முன்னே நின்றது தன் வேலையை முழுக்க முடித்திருந்தால் மட்டுமே. இதை மனத்தில் நிறுத்துங்கள். இனி நான் சொல்லப்போவது முழுவதும் இதிலிருந்தே விளைகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு நிலக்கரிக் கொதிகலனின் புகையில் நூறு கன சென்டிமீட்டர் எடுக்கிறோம். பொட்டாஷிலிருந்து திரும்பியபோது 87.6, ஆகவே கரியமில வாயு 12.4. பைரோகாலாலிலிருந்து திரும்பியபோது 81.0; ஆகவே பிராணவாயு 6.6. கியூப்ரஸ் குளோரைடிலிருந்து திரும்பியபோது 80.6, ஆகவே மோனாக்ஸைடு 0.4. மிஞ்சிய 80.6, நைட்ரஜன். அரைக்கும் குறைவான மோனாக்ஸைடுதானே என்று அலட்சியம் செய்யலாமா? கரியமில வாயுவும் மோனாக்ஸைடும் சேர்ந்து 12.8, அதில் 0.4 அரைகுறையாக எரிந்தது. கணக்கிட்டால், எரிந்த கார்பனின் உஷ்ணத்தில் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேலே இதனால் மட்டும் நஷ்டம். ஆனாலும் மொத்தத்தில் இது மோசமான உலை அன்று.

இதே புகையை, பைரோகாலால் களைத்துப்போன கருவியில் சோதிப்போம். பொட்டாஷ் ஒழுங்காக 12.4 காட்டுகிறது. பைரோகாலால் 6.6 எடுக்க வேண்டியிருக்க, 5.2 மட்டுமே எடுத்து நின்றுவிடுகிறது. மீதமுள்ள 1.4 பிராணவாயு எங்கே போகும்? மூன்றாம் திரவம் அதை விடுமா? மோனாக்ஸைடோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொள்கிறது. நாம் என்ன எழுதுகிறோம்? மோனாக்ஸைடு 1.8 என்று எழுதுகிறோம்! கார்பனின் உஷ்ணத்தில் நூற்றுக்கு ஒன்பது பாழ் என்று பதறுகிறோம். காற்றுப் போதவில்லை என்று பயர்மேனைக் கடிந்துகொள்கிறோம். காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பரைத் திறக்கச் சொல்கிறோம். உண்மையில் அவன் விட்ட காற்றே தேவைக்கு அதிகம். இன்னும் திறந்தால் இன்னும் நஷ்டம். திரவத்தின் களைப்பு நோயைத் தலைகீழாகச் சொல்லிற்று, மருந்தும் தலைகீழாயிற்று. இதில் விபரீதம் என்னவென்றால், நைட்ரஜன் இரண்டு சோதனையிலும் 80.6 தான், கூட்டிப் பார்த்தால் இரண்டும் நூறுதான். கூட்டல் சரியாக இருப்பதால் கணக்கு சரி என்று நம்புகிற குமாஸ்தாவுக்கு இந்தப் பிழை ஒருநாளும் அகப்படாது.

அப்படியானால் பிழையைப் பிடிப்பது எப்படி? இங்கேதான் ஒரு திரவமும் தொடாத நைட்ரஜன் நமக்குத் துணை வருகிறது. காற்றில் 79 பங்கு நைட்ரஜனுக்கு 21 பங்கு பிராணவாயு. ஆகவே 80.6 நைட்ரஜனோடு உலைக்குள் வந்த பிராணவாயு ஏறத்தாழ 21.4. நம் முதல் சோதனையில் அது எங்கெங்கே இருக்கிறது? கரியமில வாயுவில் 12.4, மோனாக்ஸைடில் 0.2, எரியாமல் மிஞ்சியது 6.6. ஆக 19.2. மீதி 2.2 காணோம்! பிழையா? இல்லை. நிலக்கரியில் ஹைட்ரஜனும் உண்டு. அதை எரித்து நீராக்கியது அந்த 2.2. அந்த நீராவி கருவிக்குள் வருமுன்பே குளிர்ந்து நீராகிவிட்டதால் நம் கண்ணில் படவில்லை. ஒரே சுரங்கத்து நிலக்கரியை எரிக்கிற ஆலையில் இந்த மறைவுப் பங்கு ஏறக்குறைய மாறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டாம் சோதனையில் கூட்டிப் பாருங்கள்: 12.4, 5.2, 0.9, ஆக 18.5. மறைவுப் பங்கு 2.9 ஆகிவிட்டது. ஒரே நாளில் நிலக்கரியில் ஹைட்ரஜன் பெருகுமா? பெருகாது. கெட்டது திரவம். இந்த ஒரு வரிக் கூட்டலைச் சோதனைப் புத்தகத்தின் ஓரத்தில் தினந்தோறும் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் போதும். எந்தத் திரவமும் நம்மை நெடுநாள் ஏமாற்ற முடியாது.

சமநிலைப் புட்டியிலிருந்து வந்து அளவுக் குழாய்க்குக் கீழே நிற்கிற நீரைப் பற்றியும் ஒரு சொல். வெறும் நீரானால் கரியமில வாயுவில் ஒரு பங்கை அதுவே கரைத்துக்கொள்ளும். உப்பைத் தெவிட்டக் கரைத்து, சில துளி அமிலம் விட்டு, அடையாளத்துக்குச் சிறிது சாயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் உறையை வெறுமையாக விடாதீர்கள், ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் வாயுவின் கன அளவு ஏறக்குறைய ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு விரியும், மோனாக்ஸைடு 0.4 என்று தேடுகிற இடத்தில் அது சிறு பிழையா? புகையை எடுக்கும் இடமும் முக்கியம். செங்கல் வழிகளின் விரிசலில் காற்றுப் புகுந்து கலந்தபின் எடுத்த புகை, உலையின் புகை ஆகாது.

நண்பர்களே, இப்போது இந்தக் கருவியையே சோதித்துப் பார்ப்போம். பைரோகாலால் உயிரோடு இருக்கிறதா என்று அறிய அலாதியான வாயு ஒன்றும் வேண்டியதில்லை. நாம் சுவாசிக்கிற காற்றே போதும். அதில் பிராணவாயு 20.9 சதவீதம். இந்த மண்டபத்துக் காற்று வேண்டாம். என் பேச்சைக் கேட்டு நீங்கள் விட்ட பெருமூச்சுகளால் அது சற்றுக் கெட்டிருக்கும். ரப்பர் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கிறேன். மாணவர் ஒருவரும், கொதிகலன் தொழிலாள நண்பர் ஒருவரும் மேடைக்கு வாருங்கள். புட்டியை நண்பர் பிடிக்கட்டும், எண்ணை மாணவர் படிக்கட்டும். 20.9 வந்தால் இந்தத் திரவத்தை நாளையும் வைத்துக்கொள்வோம்; இரண்டு மூன்று முறை அனுப்பியும் இருபதிலேயே நின்றால், இப்போதே கொட்டிவிட்டுப் புதிது கரைப்போம். பொட்டாஷும் பைரோகாலாலும் அலமாரியில் இருக்கின்றன.